தேசம்மா எதில் செத்தாள்?

திங்கட்கிழமை காலை. மாத்திரை கொடுக்கும் ஜன்னலுக்கு வெளியே நீள வரிசை. மழை விட்டு இரண்டு நாள் ஆகியும் சுவரில் ஈர வாடை போகவில்லை. ஏழுமலையின் முறை வந்தபோது அவன் சீட்டு நீட்டவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இன்னாடா, காய்ச்சலா?" என்றேன்.

"எனக்கு ஒண்ணுமில்லக்கா. எம் பொண்டாட்டி இன்னாத்துல செத்தான்னு ஒரு பேப்பர் எழுதிக் குடு."

அவனுக்குப் பின்னால் இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட இருமலை நிறுத்திவிட்டார்கள்.

இந்தத் தொடரை நடுவில் எடுத்துப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆந்திராவில் நகரி பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எனக்கு வேலை. ஊரார் நர்சக்கா என்பார்கள். தடுப்பூசி, கர்ப்பிணிகள் பட்டியல், காய்ச்சல் பட்டியல் என்று ஊர் ஊராக நடப்பதுதான் என் பிழைப்பு. என் பொறுப்பில் இருந்த ஊர்களில் பெரும்பாலும் வீட்டுக்குள் தமிழ், ரேஷன் கடையில் தெலுங்கு. ஏழுமலையின் ஊருக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவில் ஓர் ஓடை. வருஷத்தில் பத்து மாதம் அதில் தண்ணீர் இருக்காது.

ஊர்க்காரர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அதிகாரிகளுக்குப் பெயரே வைக்கவில்லை. அந்த நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்தாலும் அதே பேச்சுதான், பெயர் எதற்கு?

நீலத் தடங்கள்

ஏழுமலையை உள்ளே கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரவைத்தேன். அவன் மனைவி தேசம்மா, விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றுகிறவள். இறந்து எட்டு நாள் ஆகியிருந்தது.

ஐந்து நாள் காய்ச்சல். ஓடையைத் தாண்டி தமிழ்நாட்டுப் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் கிளினிக்கில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மூன்றாவது நாள் காலையில் ஈறில் ரத்தம் வந்தது. "திருப்பதிக்கு இட்டுக்கினு போயிடு" என்று கைகழுவினார்கள். இவன் அவளைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு கிளம்பினான். வழியிலேயே முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் ஆட்டோ அப்படியே திரும்பியது.

வீட்டில் அவளைக் குளிப்பாட்டிய பெண்கள் பார்த்தார்கள். புஜத்தில், முதுகில், தொடையில், இடுப்புக்கு மேலே எல்லாம் நீலம் நீலமாகத் தடங்கள். விரல் பதிந்த மாதிரி. தேசம்மாவின் அண்ணன்கள் இரண்டு பேர் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். பெண்கள் அவர்களிடம் சொல்ல, அவர்கள் பார்க்க, அங்கேயே பேச்சு முடிந்துவிட்டது. அடித்துக் கொன்றுவிட்டான்.

"ஸ்டேசன்ல எழுதிக் குடுக்கப் போறாங்களாம்கா. எஸ்.ஐ. கேக்கறாரு, டாக்டர் பேப்பர் இன்னா கீதுன்னு. கிளினிக்கு சீட்டுல வெறும் காய்ச்சல்னு எழுதிக்கீது. காய்ச்சல்ல ஒடம்பு நீலமாவுமானு கேக்கறாங்க. நான் இன்னான்னு சொல்றது?"

அவன் அழவில்லை. அழுது முடித்த முகம் அது. "ஆறு வருசமா அவ மேல கை வச்சதில்லக்கா," என்றான். "துன்றதுக்கு என்னா வேணும்னுகூட அவளேதான் எனக்குச் சொல்லுவா."

அது எதனால் வந்த நீலம் என்று எனக்குத் தெரியும். பயிற்சிக்குப் போன இடத்தில் படம் போட்டே காட்டியிருக்கிறார்கள். டெங்கு என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

ஆனால் எங்கள் பதிவேட்டின்படி அந்த ஊரில் டெங்கு கிடையாது. டெங்கு என்ன, டெங்கு மாதிரிகூட எதுவும் கிடையாது. அப்படி எழுதி அனுப்பியவள் யார்? நான்தான்.

'நில்'

ஆங்கிலத்தில் ஒன்றுமில்லை என்பதற்கு ஒரு வார்த்தை உண்டு. 'நில்.' தமிழில் அது நிற்கச் சொல்வது. எங்கள் ஆபீஸில் இரண்டு அர்த்தத்திலும் வேலை செய்தது. வாராவாரம் படிவத்தில் 'நில்' போட்டால் மேலே எல்லாம் நின்றுவிடும். போன் வராது, ஜீப் வராது, விளக்கம் கேட்டுக் கடிதம் வராது. 'சந்தேகம்' என்று ஒரே ஒரு பெயரை எழுதினால் போதும், நோயாளியை விட்டுவிட்டு எழுதினவளைப் பிடித்துக்கொள்வார்கள்.

அந்த மழைக்காலத்துக்கு முன் ஒரு கூட்டம் நடந்தது. மேலதிகாரி ஒருவர் (பெரியவர் என்றே சொல்கிறேன்) திரையில் படம் காட்டினார். மஞ்சள் நிறத்தில் சில மண்டலங்கள், சிவப்பில் சில. எங்களுடையது பச்சை. கைதட்டச் சொன்னார். பிறகு வருஷா வருஷம் சொல்லும் அதே வேடிக்கையைச் சொன்னார்: "தோமலக்கு பார்டர் தெலீது." கொசுவுக்கு பார்டர் தெரியாதாம். ஹால் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். பிஸ்கட் கொடுத்தார்கள்.

கொசுவுக்குத் தெரியாதது இருக்கட்டும். பெரியவருக்கு பார்டர் நன்றாகத் தெரியும். எங்கள் ஆட்கள் காய்ச்சல் கண்டால் ஓடையைத் தாண்டித்தான் போவார்கள், பஸ் அந்தப் பக்கம்தான் சுலபம். அங்கே எழுதும்போது விலாசம் ஆந்திரா என்றால், எங்கள் நோயாளி இல்லை என்று விட்டுவிடுவார்கள். இங்கே எங்களிடம், சோதனை நம் பக்கத்தில் நடக்கவில்லையே, நம் கேஸ் எப்படி ஆகும் என்பார்கள். இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் ஓடைக்கு நடுவில் ஒரு ஊரே காய்ச்சலில் கிடக்கும். இரண்டு பக்கமும் பச்சை.

தேசம்மா என்னிடம் சொன்னாள். அதை எழுதாமல் தாண்டிப் போக முடியாது. அவளுக்குக் காய்ச்சல் கண்ட இரண்டாம் நாள் அந்தத் தெருவில் போய்க்கொண்டிருந்தேன். தறிக்கூட வாசலில் நின்று, "கண்ணு பின்னாடி வலிக்குதுக்கா, எலும்பெல்லாம் ஒடைக்குது," என்றாள். பாடத்தில் உள்ளது உள்ளபடி. நான் பாரசிட்டமால் அட்டை ஒன்றைக் கையில் கொடுத்து, "தண்ணி நெறைய குடி" என்றேன். அன்று சாயங்காலம் படிவத்தில் 'நில்' போட்டேன். எழுத்துகூடக் கோணவில்லை.

ஒரு விரல், பத்து பெயர்

நாங்கள் எப்போதிலிருந்து இப்படி ஆனோம் என்று சில சமயம் யோசிப்பேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மலேரியாதான் பெரிய பேச்சு. வீட்டுக்கு வீடு போய் விரலில் குத்தி கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுக்க வேண்டும். மாதத்துக்கு இவ்வளவு என்று கட்டாயம். என்னுடன் ஒருவர் இருந்தார், நடக்கவே பிடிக்காது. டீக்கடையில் உட்கார்ந்து யாராவது ஓர் ஆளைப் பிடித்து ஒரே விரலில் பத்து கண்ணாடிக்கு ரத்தம் எடுத்து, வாக்காளர் பட்டியலைப் பார்த்துப் பத்து பெயர் ஒட்டி அனுப்பிவிடுவார்.

ஒருமுறை அவர் பிடித்த ஆளுக்கு நிஜமாகவே மலேரியா. பத்துக்குப் பத்தும் பாசிட்டிவ். ஒரு தெருவே மலேரியாவில் படுத்துவிட்டது என்று ஜீப்பில் வந்து இறங்கினார்கள். நல்ல திடகாத்திரமான ஆட்களுக்கெல்லாம் கசப்பு மாத்திரையை வாயில் போட்டு விழுங்குகிறார்களா என்று நின்று பார்த்தார்கள். ஊரில் இரண்டு நாள் ஒரே வாந்தி. அந்தப் பட்டியலில் இருந்த இரண்டு பேர் முந்தின வருஷமே செத்துப்போனவர்கள். 'வீட்டில் இல்லை' என்று எழுதி முடித்தார்கள்.

இப்போது கண்ணாடி இல்லை, செல்போன். வெள்ளிக்கிழமை தோறும் தொட்டி கவிழ்த்ததைப் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். ஒரே டிரம்மை நான்கு பக்கமிருந்து எடுத்தால் நான்கு வீடு. நானும் எடுத்திருக்கிறேன். அந்த ஊரில் குழாய்த் தண்ணீர் நான்கு நாளைக்கு ஒருமுறை வரும். கவிழ்த்துவிட்டு எதைக் குடிப்பார்கள்? அதைக் கேட்க அந்தப் போனில் பொத்தான் இல்லை.

ரெஜினாவின் ஃபிரிட்ஜ்

ஏழுமலையிடம், "நாலு நாள் பொறுத்துக்கோ," என்றேன். எதை நம்பிச் சொன்னேன் என்று தெரியாது.

எங்கள் டாக்டரம்மா சின்னப் பெண், கடலோர ஆந்திராவிலிருந்து வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நடந்ததையெல்லாம் சொன்னேன், நான் 'நில்' போட்டது உட்பட. அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "கார்டில் சொட்டு விட்டுப் பார்க்கும் டெஸ்ட் செல்லாதும்மா. பெரிய லேபில் செய்யும் எலிசா ரிப்போர்ட் இருந்தால்தான் டெங்கு என்று நான் எழுத முடியும். இறந்தவரின் ரத்தத்துக்கு எங்கே போவது?" என்று மட்டும் கேட்டார்.

நான் ஓடையைத் தாண்டி அந்த கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் இல்லை. ரத்தம் சோதிக்கும் ரெஜினா என்ற பெண் இருந்தாள். தேசம்மா பெயரைச் சொன்னதும் முகம் மாறியது.

"கார்டு போட்டேன்கா. ரெண்டு கோடு விழுந்துச்சு, டெங்குன்னு. சார்கிட்ட காட்டினேன். அந்தப் பேர சீட்டுல எழுதாதே, நமக்கு எதுக்கு வம்புன்னாரு."

"ரத்தம் மிச்சம் வச்சிருக்கியா?"

வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்தாள். மேல்தட்டில் யாரோ கொண்டுவந்த தயிர்சாத டப்பா, அதற்குப் பின்னால் ஒரு தாங்கியில் பத்துப் பன்னிரண்டு குழாய்கள். ஒன்றை எடுத்துத் துடைத்தாள். அடியில் சிவப்பு, மேலே தெளிந்த மஞ்சள். பெயரும் தேதியும் பேனாவால் எழுதியிருந்தாள்.

"வாராவாரம் கொட்டிடணும். இத மட்டும் கொட்ட மனசு வரலக்கா," என்றாள். "சாரு கேட்டா நான் குடுக்கலன்னு சொல்லுவேன்."

"சொல்லிக்கோ."

அன்றே ஊருக்குள் போய், காய்ச்சலில் படுத்திருந்த எட்டுப் பேரிடம் ரத்தம் எடுத்தேன். இரண்டு பேருக்குக் கை நீட்டவே தெம்பில்லை. உயிரோடிருந்தவர்களின் எட்டுக் குழாய்களோடு தேசம்மாவின் குழாயையும் ஐஸ் பெட்டியில் வைத்தேன். டாக்டரம்மா ஒன்பது படிவங்களிலும் கையெழுத்துப் போட்டார். ஒன்பதாவதில் மட்டும் பேனா கொஞ்சம் நின்று போட்டது.

பிரித்த மாவட்டம்

மறுநாள் காலை பஸ்ஸில் திருப்பதிக்குப் போனேன். மடியில் ஐஸ் பெட்டி. ரேணிகுண்டாவில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மாள், "மீனா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு சீட்டுக்குப் போனாள்.

பரிசோதனைக் கூடத்தில் குமாஸ்தா ஒருவர் படிவத்தைப் பார்த்தார். "மீரு சித்தூர் ஜில்லா கதா?" என்றார். நீங்கள் சித்தூர் மாவட்டம்தானே, இங்கே ஏன் வந்தீர்கள்?

எல்லாம் ஒரே மாவட்டமாக இருந்தபோது எத்தனையோ தரம் இதே ஜன்னலில் இதே ஆளிடம் ரத்தம் கொடுத்திருக்கிறேன். இடையில் மாவட்டத்தைப் பிரித்தார்கள். திருப்பதி தனி, நாங்கள் சித்தூர். ரத்தம் அதேதான், ஜன்னலும் அதேதான், ஆளும் அதே ஆள். ஆனால் அவருக்கு இப்போது என்னைத் தெரியாது. சித்தூருக்குக் கொண்டுபோ என்றார். எதிர்த்திசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். பெட்டியில் ஐஸ் பாதி கரைந்திருந்தது.

கெஞ்சினேன். சட்டம் பேசினார். சட்டம் பேசும்போது அந்த மனிதர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது. இத்தனை வருஷம் இந்தக் குமாஸ்தா ஜாதியோடு வேலை பார்த்ததற்கு அதுகூட வராவிட்டால் எப்படி? "சரி சார். வாங்க மாட்டோம்னு ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. நான் போயிடறேன்," என்றேன்.

வெற்றிலை பாதியில் நின்றது. தன் கையெழுத்தைத் தானே பார்த்து நடுங்கும் மனிதர்களால் ஆனது எங்கள் துறை. ஐந்து நிமிஷத்தில் ஒன்பது குழாயும் உள்ளே போய்விட்டது.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. எட்டுப் பேரில் ஆறு பேருக்கு டெங்கு. தேசம்மாவுக்கும் டெங்கு.

அதற்குப் பிறகு ஜீப்புகளைப் பார்க்க வேண்டுமே. புகை மெஷின் வந்தது, அதன் பின்னால் போட்டோ எடுப்பவர் வந்தார். ஓடை வரைக்கும் புகை போட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்கள். புகை மட்டும் தாண்டிப் போயிற்று. அனுமதி இல்லாமல் ரத்தம் எடுத்ததற்காக எனக்கு ஒரு மெமோ. தொட்டிகளைத் தேய்த்துக் கழுவி வேட்டித் துணியால் அவற்றின் வாயைக் கட்டியவர்கள் தேசம்மாவோடு வேலை பார்த்த தறிக்கூடத்துப் பெண்கள். அவர்களை யாரும் போட்டோ எடுக்கவில்லை. மழை ஓய்வதற்குள் காய்ச்சலும் ஓய்ந்தது. படுத்திருந்த எட்டுப் பேரும் எழுந்துவிட்டார்கள்.

அண்ணன்கள்

ரிப்போர்ட்டை ஏழுமலை கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இத நான் எடுத்துக்கினு போனா கிழிச்சிப் போடுவாங்கக்கா," என்றான். அதனால் நான் போனேன்.

பெரிய அண்ணன் பெயர் வேலு. வாசலிலேயே நிற்கவைத்தார். "நீ அந்த ஊருக்காரி. அவனுக்குத்தான் பேசுவே," என்றார். சின்னவர் கதவில் சாய்ந்து நின்றார். உட்காரச் சொல்லவில்லை. நான் தாளை நீட்டி, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் படித்துச் சொன்னேன். அடியில் சீல் குத்தியிருந்ததையும் காட்டினேன்.

"சீலு யாரு வேணா குத்துவாங்க. அவ ஒடம்புல வெரல் தடம் இருந்துச்சே, அத நான் கண்ணால பாத்தேனே."

"இந்தக் காய்ச்சல் முத்திச்சின்னா ரத்தம் உறையாது அண்ணா. ஊசி போட்ட எடம், எங்கனா இடிச்ச எடம், கை அழுத்தின எடம், எல்லாம் உள்ளாற ரத்தம் கட்டி நீலமாப் பூடும்."

"கை அழுத்தின எடமா?"

"கட்டில்லருந்து ஆட்டோவுக்குத் தூக்கினான் இல்ல? புஜத்துல, முதுகுல, தொடையில. அந்த எடம்."

வேலு தன் இரண்டு கைகளையும் லேசாக முன்னால் நீட்டினார். யாரையோ தூக்குவது போல. கை எங்கெங்கே படும் என்று பார்த்தார் போலிருக்கிறது. 

"அப்ப அது அவன் கைதான்," என்றார்.

"அவன் கைதான்."

உள்ளே ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். நான் அதோடு வந்திருக்கலாம். வர முடியவில்லை. "உங்க தங்கச்சி ரெண்டாம் நாளே என்கிட்ட காய்ச்சல்னு சொன்னா. நான் எழுதல. எழுதியிருந்தா அன்னிக்கே ரத்தம் எடுத்திருப்போம்," என்றேன்.

சின்னவர் கதவை விட்டு நிமிர்ந்தார். "அப்ப உம்மேலதான் எழுதிக் குடுக்கணும்."

"குடு," என்றேன். நிஜமாகவே சொன்னேன்.

வேலு அவரைக் கையமர்த்தினார். யார் மேலும் எழுதிக் கொடுக்கவில்லை. காரியத்துக்கு இரண்டு பேரும் வந்தார்கள், ஏழுமலை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள் என்று தறிக்கூடத்துப் பெண்கள் சொன்னார்கள். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டியதும் இல்லை.

கமிட்டி

டெங்குவில் ஒரு சாவு என்று ரிப்போர்ட் போய்விட்டால் அதை ஆராய ஒரு கமிட்டி உட்கார வேண்டும். உட்கார்ந்தது. சித்தூரில் ஏசி ரூம், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். பெரியவர் நடுவில். டாக்டரம்மாவைக் கூப்பிட்டார்கள், என்னைக் கூப்பிட்டார்கள். ஏழுமலையையும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வரச் சொன்னார்கள். கமிட்டி என்ன முடிவு செய்தது என்று இதை எழுதும் நாள் வரை எங்கள் யாருக்கும் சொல்லவில்லை.

ஏன் காய்ச்சல் எழுதப்படவில்லை என்று கேட்பார்கள், ஒத்துக்கொள்ள வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். கேட்கவில்லை. கிளினிக் ஏன் மறைத்தது என்று கேட்கவில்லை. தண்ணீர் ஏன் நான்கு நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று கேட்கவில்லை. நகரியிலிருந்து திருப்பதி போகும் சாலையில் நடுவில் ஓர் இடத்தில் மாவட்டம் மாறுகிறது. அவர்களுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஆட்டோ அந்த இடத்தைத் தாண்டிய பிறகு இறந்திருந்தால் இது எங்கள் மாவட்டத்துச் சாவு இல்லை. படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டமே இருந்தது.

பெரியவர் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு தெலுங்கில் கேட்டார். நிதானமாக, மரியாதையாகவே கேட்டார். "சரியாக யோசித்துச் சொல்லப்பா. எந்த இடத்தில் உயிர் போனது?"

ஏழுமலைக்குத் தெலுங்கு நன்றாக வரும். தறி முதலாளியிடம் நாளெல்லாம் பேசுவது அதுதான். அன்றைக்குத் தமிழில் சொன்னான்.

"எம் மடியில, சார்."

பெரியவர் என் பக்கம் திரும்பினார். என்ன சொல்கிறான் என்று கண்ணாலேயே கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பேனா கட்டத்துக்கு மேலேயே நின்றது.

"அது சரிம்மா," என்றார். "எந்த ஜில்லா?"